பாயிண்ட் 32: ரிவால்வரா, பிஸ்டலா?

என் தங்கை மகனுக்குச் சென்ற மாதம் துப்பாக்கி உரிமம் கிடைத்தது. தேவகோட்டையில் நகை அடகுக் கடை வைத்திருக்கிறான். உரிமத்தை எடுத்துக்கொண்டு நேரே பள்ளத்தூருக்கு வந்தவன், பட்டாலையில் உட்கார்ந்து, வைத்த காபியைக்கூடத் தொடாமல், "அம்மான், ரிவால்வர் வாங்கட்டுமா, பிஸ்டல் வாங்கட்டுமா?" என்று கேட்டான். துப்பாக்கிக் கடைக்காரர்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களாம். கைப்பேசியில் அவன் பார்த்த காணொளிகள் எல்லாம் அமெரிக்காவில் கிடைக்கும் துப்பாக்கிகளைப் பற்றியவை. அவற்றில் பாதி நம் ஊர் உரிமத்துக்குள் வரவே வராது.

என்னிடம் இரண்டும் இருக்கின்றன. ஐயா (தாத்தா) வாங்கி, அப்பச்சி (அப்பா) வைத்திருந்து, 2006-இல் என் பெயருக்கு மாறிய பிஸ்டல் ஒன்று. 2012-இல் நானே வாங்கிய ரிவால்வர் ஒன்று. ரிவால்வரில் தோட்டாக்கள் சுழலும் சிலிண்டரில் இருக்கும்; பிஸ்டலில் கைப்பிடிக்குள் செருகும் மேகசினில் இருக்கும். 2020 வரை மூன்றாவதாக ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கியும் இருந்தது. அன்று மாலை அவனிடம் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுகிறேன். உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும் மற்றவர்களுக்கும் பயன்படலாம்.

முதலில், தேர்வு எவ்வளவு குறுகியது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். துப்பாக்கியைக் குழலின் உள்விட்ட அளவால் குறிப்பிடுவார்கள்; பாயிண்ட் 32 என்றால் சுமார் 0.32 அங்குலம். 9 மி.மீ., பாயிண்ட் 38, பாயிண்ட் 455 கைத்துப்பாக்கிகள் தடை செய்யப்பட்ட வகையைச் சேர்ந்தவை. மாவட்டக் கலெக்டர் வழங்கும் உரிமத்தில் அவற்றை வாங்க முடியாது. வெளிநாட்டுத் துப்பாக்கிகளை வணிகத்துக்காக இறக்குமதி செய்வது 1980களிலேயே நின்றுபோனது. அதற்கு முன்பே நாட்டுக்குள் வந்துவிட்ட பழைய வால்தர், கோல்ட், பெரெட்டா பிஸ்டல்கள் கைமாறும்போது லட்சங்களில் பேசப்படுவதற்கு அதுதான் காரணம். அந்த விலை அரிதாகக் கிடைப்பதற்கான விலை. அதைக் கொடுத்து வாங்குவதால் பாதுகாப்பு கூடிவிடாது. ஆகவே நம்மைப் போன்ற கடைக்காரர்களுக்கு நடைமுறையில் மிஞ்சுவது பெரும்பாலும் பாயிண்ட் 32தான். ரிவால்வரும் அதில்தான் வருகிறது, பிஸ்டலும் அதில்தான் வருகிறது.

இங்கேயே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். இரண்டுக்கும் பெயர் பாயிண்ட் 32 என்பதால் தோட்டாவும் ஒன்றே என்று நினைத்துவிடுகிறார்கள். மேசைமேல் இரண்டையும் நிறுத்தி வைத்து அவனுக்குக் காட்டினேன். ரிவால்வர் தோட்டா 32 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் உயரம். அடியில் ஒரு விளிம்பு நன்றாக வெளியே துருத்தியிருக்கும். உச்சியில் சாம்பல் நிற ஈயக் குண்டு. இதன் பெயர் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் லாங், 1896-இல் வந்தது. பக்கத்தில் நிற்கும் பிஸ்டல் தோட்டா 25 மி.மீ. உயரம்தான். விளிம்பு விரல் நகத்தால் தடவினால் மட்டும் தட்டுப்படும் அளவுக்குச் சிறியது. குண்டின்மேல் செம்பு நிற உறை. இது ஏசிபி (ஆட்டோமேட்டிக் கோல்ட் பிஸ்டல்), ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1899-இல் வந்தது. ஒன்றை இன்னொன்றில் போட்டுப் பார்க்கும் எண்ணமே வரக் கூடாது. கடைக்குப் போனால் "முப்பத்திரண்டு ஒரு பெட்டி" என்று கேட்காமல், துப்பாக்கியின் வகையைச் சொல்லி, பெட்டியின்மேல் இருக்கும் பெயரைப் படித்துவிட்டு வாங்க வேண்டும். எத்தனை தோட்டா வாங்கலாம், எத்தனை கையிருப்பில் வைக்கலாம் என்பதும் உரிமத்தில் எழுதியிருக்கும். அந்தக் கணக்கு ஒரு தோட்டாகூடத் தவறக் கூடாது.

சக்தியில் இரண்டுமே சிறிய தோட்டாக்கள்தான். "எது பலமாக அடிக்கும்?" என்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று அவனிடம் சொன்னேன். கேட்க வேண்டியவை வேறு.

பிஸ்டலிலிருந்து தொடங்குகிறேன். ஐயா வாங்கியது வெப்லி அண்டு ஸ்காட் பிஸ்டல். ஸ்லைடின் (குழலுக்கு மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதியின்) பக்கத்தில் லண்டன், பர்மிங்காம் என்ற பெயர்கள் இன்றும் தெளிவாக இருக்கின்றன. லண்டன் மாநகரக் காவல்துறை 1911-இல் தன் ஆட்களுக்காகத் தேர்ந்தெடுத்த அதே வகை. மேகசினில் எட்டுத் தோட்டா. முழுக்க எஃகு, ஓரங்கள் சதுரமானவை, தட்டையானவை. அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் கையில் எடுத்தவுடன் வேலைப்பாடு தெரியும். ஸ்லைடை இழுத்து விட்டால் பழைய பெட்டகக் கதவு மூடுவதுபோல ஒரே சீராக வந்து சேரும்.

அந்தத் தட்டையான உடம்புதான் பிஸ்டலின் பெரிய வசதி. எந்த ரிவால்வரிலும் நடுவில் சிலிண்டர் புடைத்துக்கொண்டு நிற்கும். வேட்டியும் மேல்சட்டையும் போட்டுக்கொண்டு காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்கு நகைப் பையுடன் போகும் மனிதனுக்கு அந்தப் புடைப்பு ஒரு தொல்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவரின் முழங்கையில் இடிக்கும். குனிந்தால் சட்டைக்குமேல் உருவம் தெரியும். உரிமத்துடன் வைத்திருக்கும் துப்பாக்கியை வெளியே தெரியும்படி கொண்டுபோவது நமக்கும் நல்லதில்லை, பார்ப்பவருக்கும் நல்லதில்லை. பிஸ்டல் இடுப்போடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். 2006 முதல் 2012 வரை அப்படித்தான் கொண்டுபோனேன், ஒருவர்கூடக் கவனித்ததில்லை. எடுத்துச் செல்வதற்கு மட்டும் என்றால் பிஸ்டல்தான் சிறந்தது. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

இப்போது 2009-இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் ரிவால்வர் வாங்கியதற்குக் காரணமே இதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. துடைத்து எண்ணெய் போடலாம் என்று பிஸ்டலைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து வளவில் (நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) உட்கார்ந்தேன். மேகசினில் ஏழு தோட்டா போட்டு வைப்பது என் வழக்கம். குழலின் அறையில், அதாவது சுடத் தயாராகத் தோட்டா நிற்கும் இடத்தில், எதுவும் வைப்பதில்லை. அன்று ஏதோ யோசனையில், மேகசினைக் கழற்றுவதற்கு முன்பே ஸ்லைடை இழுத்து விட்டுவிட்டேன். எதுவும் வெளியே வரவில்லை. அதனால் காலி என்று மனம் முடிவு செய்துவிட்டது. பிறகு மேகசினை உருவி, தோட்டாக்களைத் துணிமேல் ஒவ்வொன்றாகத் தள்ளினேன். ஆறு. மறுபடி எண்ணினேன். ஆறுதான்.

ஒரு தோட்டா உருண்டுவிட்டது என்று நினைத்தேன். ஊஞ்சலுக்கு அடியில் பார்த்தேன். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் டார்ச் அடித்துத் தூண்வரை போனேன். முற்றத்துத் தண்ணீர்த் தாரையில் விழுந்திருக்குமோ என்று குனிந்து தேடினேன். என் மகள் அப்போது நான்காம் வகுப்பு. அவளும் என் கூடவே தவழ்ந்து தேடினாள். இவ்வளவு நேரமும் பிஸ்டல் என் வலது கையில் இருந்தது. மேகசின் உள்ளே இருக்கும்போது ஸ்லைடை இழுத்து விட்டால் அது முதல் தோட்டாவை எடுத்துக் குழலின் அறைக்குள் ஏற்றிவிடும். ஏழாவது தோட்டா அங்கே இருந்தது. தரையில் தேடிக்கொண்டிருந்த குழந்தைக்கு இரண்டடி தள்ளி.

விரல் விசைமேல் இல்லை. அது ஒன்றுதான் அன்று என்னைக் காப்பாற்றியது. உணர்ந்த கணத்தில் உடம்பு விறைத்துப்போனது. மகளை உள்ளே போகச் சொல்லிவிட்டு, குழலை முற்றத்து மண்ணை நோக்கித் திருப்பி, ஸ்லைடை இழுத்தேன். தோட்டா வெளியே வந்து விழுந்தது. அந்தச் சின்னச் சத்தம் இன்றும் காதில் இருக்கிறது.

பிஸ்டலின்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். அது செய்ய வேண்டியதைத்தான் செய்தது. முறை எளிது: முதலில் மேகசின், அடுத்து ஸ்லைடு, அதன் பிறகு அறைக்குள் கண்ணாலும் சுண்டு விரலாலும் பார்ப்பது. இந்த வரிசை மாறவே கூடாது. தினமும் துப்பாக்கி தூக்கும் காவலருக்கும் சிப்பாய்க்கும் இது கை வழக்கமாகிவிடும். மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறக்கும் கடைக்காரனுக்கு ஆகாது. அவன் மனத்தில் வட்டிக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும், மகள் பள்ளிக் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும். கவனம் குறைந்த ஒரு நாளில்கூட எந்த நிலையில் இருக்கிறது என்று தானே காட்டிக்கொடுக்கும் கருவிதான் அவனுக்கு வேண்டும்.

ரிவால்வர் அதைச் செய்கிறது. நான் வாங்கியது மத்திய அரசின் படைக்கலத் தொழிற்சாலைத் தயாரிப்பு, பாயிண்ட் 32, ஆறு அறைகள். பழைய வெப்லி ரிவால்வரின் அமைப்பு: பின்பக்கத்துத் தாழ்ப்பாளைக் கட்டை விரலால் தள்ளிக் குழலைக் கீழே அழுத்தினால் துப்பாக்கி நடுவில் மடங்கித் திறந்துகொள்ளும். திறக்கும்போதே நட்சத்திர வடிவத் தகடு ஒன்று எழும்பி, ஆறு அறைகளில் இருப்பவற்றையும் ஒரே நேரத்தில் வெளியே தள்ளிவிடும். பிறகு வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் ஆறு ஓட்டைகள் வழியாக எதிர்ச்சுவர் தெரியும். தெரிந்தால் காலி. எண்ண வேண்டியதில்லை, வரிசையை நினைவில் வைக்க வேண்டியதில்லை.

இதன் அருமை தேர்தல் நேரத்தில்தான் முழுதாகத் தெரியும். உரிமம் வைத்திருப்பவர்களுக்கு இது பழக்கமான கதை. தேர்தல் அறிவிப்பு வந்தவுடன் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வரும். துப்பாக்கியை அங்கேயோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். முடிவு அறிவித்து நடைமுறைகள் ஓய்ந்த பிறகு போய் மீட்டுக்கொள்ளலாம். 2014, 2016, 2019, 2021, 2024 எனப் பெரிய தேர்தல்கள் மட்டுமே ஐந்து. நடுவில் உள்ளாட்சித் தேர்தல்கள் வேறு. ஒவ்வொரு முறையும் இரண்டையும் கொண்டுபோகிறேன். ரைட்டர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரே கேள்விதான் கேட்பார்: "காலியா?" ரிவால்வரை மடக்கித் திறந்து காட்டுவேன். ஆறு ஓட்டை வழியாக என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார். பிஸ்டலுக்கு அப்படி முடியாது. மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்துப் பிடித்து, அறையைக் காட்டியபோதும், பழக்கமில்லாத ஒரு ரைட்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, "சார், நீங்களே இன்னொரு முறை பாருங்கள்" என்றார். அவர் கேட்டது முழுக்க நியாயம். உள்ளே என்ன இருக்கிறது என்பது வெளியே தெரியாத பொருளைக் கண்டு யாரும் எச்சரிக்கையாகத்தான் இருப்பார்கள்.

ஒப்படைப்பு என்றவுடன் துருவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2014 ஏப்ரலில், கோடை வெயிலில் நாள் முழுவதும் இடுப்பில் இருந்த ரிவால்வரைத் துடைக்காமல், தோல் உறையோடு அப்படியே ஒப்படைத்துவிட்டேன். ஜூனில் திரும்பி வந்தபோது சிலிண்டரின் ஒரு பக்கத்தில் மிளகாய் விதை அளவில் ஏழெட்டுத் துருப் புள்ளிகள். தப்பு முழுக்க என்னுடையது. வியர்வையில் உப்பு, தோல் உறை அந்த ஈரத்தை விடாமல் பிடித்துவைக்கும். அன்றிலிருந்து தோல் உறை பயணத்துக்கு மட்டுமே. வீட்டில் வைத்தாலும் வெளியே ஒப்படைத்தாலும் துப்பாக்கி எண்ணெய் தடவி, உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி வைக்கிறேன். நம் சீமை வறண்ட சீமைதான். இருந்தாலும் ஐப்பசி, கார்த்திகையில் சுண்ணாம்புச் சுவர் ஓதம் காக்கும். இந்த இரு மாதங்களிலும் வாரம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். பராமரிப்பில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் உதிரி பாகம் என்று வந்தால் பழைய வெப்லி பிஸ்டல் ஒரு கவலைதான். மற்ற பிஸ்டல்களில் சுருள்வில் செய்யும் வேலைக்கு, இதன் கைப்பிடிக்குள் வி வடிவப் பட்டை வில் ஒன்று இருக்கிறது. அது இன்று எளிதில் கிடைப்பதில்லை.

சுடும் பழக்கத்துக்கு வருகிறேன். 2016 ஆயுத விதிகள் வந்த பிறகு உரிமம் கேட்பவர் பாதுகாப்புப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது, நல்ல விதி. பயிற்சிச் சான்றிதழோடு நிறுத்திவிடக் கூடாது என்பது என் கருத்து. மதுரையிலும் திருச்சியிலும் ரைஃபிள் கிளப்புகள் இருக்கின்றன. ரிவால்வர் வாங்கிய புதிதில் பத்து மீட்டர் தூரத்துத் தாளில் ஆறு சுட்டால் இரண்டுதான் பட்டது. காரணம் விசையின் கனம். ரிவால்வரில் விசையை இழுக்கும் அதே இழுப்பில் சிலிண்டர் ஓர் அறை சுழல வேண்டும், ஹாமர் பின்னால் போக வேண்டும், பிறகு விடுபட்டு அடிக்க வேண்டும். மூன்று வேலையும் ஒரு விரலுக்கு. விரல் திணறும்போது குழல் குறியிலிருந்து விலகிவிடும். ஹாமரைக் கட்டை விரலால் முன்பே இழுத்து வைத்தால் விசை இலேசாகிவிடும்; குறியும் நேராகும். ஆனால் பதற்றமான நேரத்தில் அவ்வளவு இலேசான விசை ஆபத்தானது. ஆகவே கனமான இழுப்பையே பழகிக்கொண்டேன். ஒரு வருடம் ஆனது. இப்போது ஆறில் ஐந்து தாளில் இருக்கும்.

பிஸ்டலில் இந்தச் சிரமம் இல்லை, முதல் நாளே ஒழுங்காகப் பட்டது. ஆனால் அதற்கு வேறொரு குணம் உண்டு. தோட்டா வெடிக்கும் வேகத்தில் ஸ்லைடு தானாகப் பின்னால் போய், வெற்றுக் கூட்டை வீசிவிட்டு, அடுத்ததை ஏற்ற வேண்டும். அதற்குக் கை அசையாமல் தாங்கிக்கொடுக்க வேண்டும். மணிக்கட்டைத் தளர விட்டால் ஸ்லைடு முழுத் தூரம் போகாது. வெற்றுக் கூடு வாயிலில் செங்குத்தாக மாட்டிக்கொண்டு நிற்கும். கைத் தளர்வால் எனக்கே இரண்டு முறை அப்படி ஆனது. ஈரத்தில் கெட்டுப்போன பழைய தோட்டா ஒன்று சுடாமல் போனதும் உண்டு. பிஸ்டல் என்றால் அதை வெளியேற்ற இன்னொரு கை வேண்டும். ரிவால்வரில் விசையை மறுபடி இழுத்தால் அடுத்த அறை தானே வந்து நிற்கும். (பயிற்சியில் தோட்டா சுடாவிட்டால் அவசரப்படாமல் குழலை இலக்கை நோக்கியே அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். தாமதித்து வெடிப்பதும் உண்டு.)

எட்டுத் தோட்டாவா, ஆறா என்ற கேள்வியை அவன் இரண்டு முறை கேட்டான். இத்தனை ஆண்டுகளில் ஒரு மனிதரை நோக்கி நான் எதையும் நீட்டியதில்லை. 2017-இல் ஒரு நள்ளிரவில் வீட்டின் மூன்றாம் கட்டு (பின்பகுதி) ஓட்டின்மேல் யாரோ நடப்பதுபோல் சத்தம் கேட்டது. பெட்டிச் சாவியை எடுத்தேன். எடுத்த பிறகு யோசித்து, முதலில் எல்லாக் கட்டு விளக்குகளையும் போட்டேன், பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தேன், காவல் நிலையத்துக்குச் சொன்னேன். மரநாய் ஒன்று ஓட்டிலிருந்து கொல்லைப்புற மாமரத்துக்குத் தாவியது. முகப்பிலிருந்து கொல்லைவரை ஒரு தெரு நீளம் போகும் நம் வீடுகளில், ஆள் யார் என்று தெரியாமல் இருட்டில் துப்பாக்கியோடு நடப்பதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. அந்தப் பக்கம் வருவது தூக்கம் வராத அப்பத்தாவாக இருக்கலாம். சட்டமும் அளவு சொல்கிறது. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்ததும், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் இருப்பதும் ஒன்றே: தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகமான தீங்கைச் செய்ய யாருக்கும் உரிமை இல்லை. ஆறா எட்டா என்பதற்கு முன்னால் இதைப் படித்துவிட்டு வா என்றேன்.

இரட்டைக் குழல் துப்பாக்கி ஏன் போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதுவும் ஒரு தேர்வுதானே. 2019 டிசம்பரில் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன. பரம்பரையாக வந்தவையும் இந்தக் கணக்கில் அடக்கம். அதிகப்படியானதை ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். (அதே திருத்தம்தான் உரிமக் காலத்தை மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக ஆக்கியது.) ஊரடங்கு மாதங்கள் முழுவதும் மூன்றையும் முன்னால் வைத்துக்கொண்டு யோசித்தேன். வீட்டைக் காக்க நீளத் துப்பாக்கி நல்லது என்று அப்பச்சி எப்போதும் சொல்வார். தோளில் ஊன்றிக் குறி பார்ப்பதால் கை நடுங்காது. பெரிதாக இருப்பதால் குழந்தைகள் எடுத்து மறைத்து விளையாட வழியில்லை. இரண்டும் உண்மை. ஆனால் இரட்டைத் தூண்களுக்கு நடுவிலும் குறுகிய வாசற்படிகளிலும் அதைத் திருப்ப முடியாது. கடைக்கும் கொண்டுபோக முடியாது. அப்பச்சி கைபட்டுக் கைபட்டு மெருகேறிய கட்டை அது. மதுரைக் கடையில் ஒப்படைத்து ரசீதை வாங்கிக்கொண்டு திரும்பும்போது பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசத் தோன்றவில்லை.

அப்போதே நடைமுறைக் கணக்கில் பார்த்தால் பிஸ்டலைத்தான் விட்டிருக்க வேண்டும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். சரியாக இருக்கலாம். ஐயா கையெழுத்துடன் பழைய உரிமப் புத்தகம் அதனோடு இருக்கிறது; விட மனம் வரவில்லை. இப்போது அது தோட்டா இல்லாமல், மேகசின் தனியாகப் பெட்டியில் இருக்கிறது. விதியின்படி எழுபது வயது ஆகும்போதோ, இருபத்தைந்து ஆண்டுகள் வைத்திருந்த பிறகோ வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். எனக்கு 2031-இல் அந்தக் கணக்கு நிறையும். மகள் விரும்பினால் அவள் பெயருக்கு. வேண்டாம் என்றால் கடையில் ஒப்படைத்துவிடுவேன்.

என் தங்கை மகன் புதிதாக வாங்குபவன். அவன் முன்னால் நான் வாங்கியபோது இல்லாத வகைகளும் இருக்கின்றன. 2014-இல் பெண்களை மனத்தில் வைத்து வந்த நிர்பீக் ரிவால்வரின் எடை ஐந்நூறு கிராம்தான். அறிமுக விலையே 1,22,360 ரூபாய். நகைப் பெட்டி போன்ற பெட்டியில் வந்தது. எடை குறைந்தால் இடுப்புக்குச் சுகம், ஆனால் சுடும்போது கை கூடுதலாக எகிறும். 2023 ஆகஸ்டில் கான்பூரிலிருந்து பிரபல் என்ற ரிவால்வர் வந்தது. இதில் துப்பாக்கியை மடக்க வேண்டியதில்லை. சிலிண்டர் மட்டும் பக்கவாட்டில் வெளியே வரும். காலியா என்று பார்ப்பது அதிலும் அதே அளவு எளிது. ஐம்பது மீட்டர் சுடும் என்கிறார்கள். நம் வளவின் நீளத்துக்குள் அது தேவைப்படாது. உள்நாட்டு பிஸ்டல் வேண்டுமென்றால் அஷானி இருக்கிறது. எதை வாங்கினாலும் 2025 செப்டம்பர் 22 முதல் ரிவால்வருக்கும் பிஸ்டலுக்கும் ஜிஎஸ்டி 40 சதவீதம். கடைக்காரர் சொல்லும் விலையில் அது சேர்ந்ததா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

விலையோடு பெட்டியையும் சேர்த்துக் கணக்குப் போடச் சொன்னேன். அவனுக்கு ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பையன்கள். அலமாரியின் மேல்தட்டு, தலையணைக்கு அடி, பூஜை அறை என்ற பேச்சே கூடாது. துப்பாக்கிக்கு ஓர் இரும்புப் பெட்டி, தோட்டாவுக்கு வேறு பெட்டி, வேறு சாவி. எங்கள் வீட்டில் பெட்டியைச் சுவரில் முடுக்கப் பார்த்தோம். பழைய சுண்ணாம்புக் காரையில் போல்ட் பிடிக்காமல் கையோடு வந்துவிட்டது. கடைசியில் தரையைத் தோண்டிக் கான்கிரீட் போட்டுப் பதித்தோம். தேவகோட்டையில் அவன் இருப்பதும் பழைய வீடு. அதே வேலை அங்கேயும் இருக்கும்.

வாங்காமலே இருந்துவிடலாமா என்றும் கேட்டுப் பார்த்தேன். அடகு நகையில் பெரும்பங்கை வங்கி லாக்கரில் வைத்து, கடையில் கேமராவும் எச்சரிக்கை மணியும் பொருத்தி, பயணத்தைப் பகலில் இருவராக மேற்கொண்டால் தேவையில் முக்கால்வாசி குறைந்துவிடும். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இரவில் தனியாக வர வேண்டிய நாட்கள் மாதத்தில் ஏழெட்டு இருக்கின்றன என்றான். அது நியாயமான காரணம். அப்படி ஒரு காரணம் இல்லாதவருக்கு நான் எதையும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

என் பதில் ரிவால்வர்தான். இடுப்பில் புடைக்கும், விசை கனக்கும், இரண்டு தோட்டா குறைவு. மூன்றையும் ஒப்புக்கொண்டே சொல்கிறேன். தினமும் சுமந்துகொண்டு திரிபவனாகவும், மாதம் இருமுறை தவறாமல் கிளப்புக்குப் போகிறவனாகவும், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இல்லாதவனாகவும் இருந்தால் பிஸ்டல் எடு என்று சொல்லியிருப்பேன். அவன் அந்த மூன்றிலும் இல்லை.

அவன் மனைவியும் அன்று வந்திருந்தாள். துப்பாக்கி வீட்டுக்கு வருவதில் அவளுக்கு முழுச் சம்மதம் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. இரண்டையும் எடுத்து வந்து பட்டாலையில் துணி விரித்து வைத்தேன். முதலில் பிஸ்டலை எடுத்து, மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்துப் பிடித்து, "காலியா, பார்த்துச் சொல்" என்றேன். குனிந்து பார்த்தாள். "உள்ளே இருட்டாக இருக்கிறது, எனக்குத் தெரியவில்லை" என்றாள். அடுத்து ரிவால்வரை மடக்கித் திறந்து, முற்றத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, விரலை நீட்டி ஒவ்வோர் ஓட்டையாகப் பார்த்தாள்.

"ஆறிலும் வானம் தெரிகிறது, அம்மான்" என்றாள்.

அவன் காபியை எடுத்துக் குடித்தான். ஆறிப்போயிருந்தது.